மாடிக்கதவருகே ஒரு பேசின் பால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்தது இல்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கறுப்பு பாலித்தீன் பைகளில் வளர்ந்தது. இதில் வருகிற கண்ணாடிக்காரர் என் கணவர். அவருடைய மைத்துனன் என் கூடப்பிறந்த தம்பி. கண்ணாடிக்காரரின் மனைவி என்று ஒருத்தியும் இடையிடையே வருவாள். அவளைக் கொஞ்சம் நல்லவளாகவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். வீட்டில் புகையிலை வளர்த்தோம். அதற்கு நோய் வந்தது. நோய்க்குக் காரணம் என் தம்பியின் கை என்று பழிபோட்டு அவனை வீட்டைவிட்டு அனுப்பினோம். காரணம் அவன் கை இல்லை. இதை இன்றுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை. தன் கை பட்டால் செடி கெட்டுப்போகும் என்று அவன் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறான். அதனாலேயே வந்த ஒரு நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இன்று புதன். போனை எடுத்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியவள் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தாளர் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பத்திரிகைகளில் ஏழெட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. மற்றபடி பல் டாக்டரிடம் உதவியாளர். நாற்காலியைச் சாய்ப்பது, விளக்கைத் திருப்புவது, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரத்தில் பிடித்துக்கொள்வது. அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வதே பிழைப்பு. என் வாயை மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். இந்தக் கதைக்கு அது ஆகாது.)

2

ஆரம்பம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "புகையிலை விதை கண்ணுக்கே தெரியாது. ஒரு தேக்கரண்டியில் ஒரு தோட்டம் அடங்கும்." அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அடித்தேன். விதையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே, எவ்வளவு சௌகரியம்.

இரண்டாவது: "கண்ணாடிக்காரர் ஒரு புளுகர்." ஆத்திரத்தில் எழுதியது. எழுதி முடித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் எப்போதும் இதமாகத்தான் இருக்கும். அந்த ருசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடித்தேன்.

மூன்றாவது: "என் தம்பி சோம்பேறிதான், ஆனாலும்" என்று தொடங்கியது. அந்த "ஆனாலும்" பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. அவன் சோம்பேறி என்று ஏன் முதல் வரியிலேயே சொல்கிறேன்? யாரிடம் நல்ல பெயர் வாங்க? அதையும் அடித்தேன். இனி நேராகப் போய்விடலாம்.

3

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சாணைச் சக்கரத்தில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவது வேலை. மயிரிழை பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முப்பது வருடம் புகைத்தவர். மூன்று வருடம் முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இன்னொண்ணு பத்த வச்சீங்கன்னா அடுத்த தடவ என்கிட்ட கூட்டிட்டு வர மாட்டாங்க, தூக்கிட்டு வருவாங்க" என்றார் டாக்டர். அன்றோடு விட்டார்.

விட்டவர் சும்மா இருந்தாரா? கடைக்குக் கண்ணாடி போட வருகிறவர்களிடம் எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்பே, தான் சிகரெட்டை விட்ட கதையைச் சொல்லிவிடுவார். மனைவிக்கும் பெருமை பிடிபடவில்லை. "ஒரே நாள்ல விட்டாரு, ஒரே நாள்ல" என்று அவளும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். அந்தப் பெருமைதான் பின்னால் வினையாக வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் பெட்டியோடு வந்தான். கட்டடம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டியவன்; கம்பெனி வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. ஆள் குள்ளம். அதனாலேயே கூட வேலை பார்த்தவர்கள் வைத்த "கிரேன்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. "ரெண்டே வாரம்க்கா" என்று வந்தவன் முன்னறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் பதினாலு மாதம் இருந்தான். அவனும் புகைக்கிறவன்தான், ஆனால் ஒளிவுமறைவு கிடையாது. படிக்கட்டுத் திருப்பத்தில், ஜன்னலோரமாக நின்று, போகிற வருகிறவர்களுக்கு வழிவிட்டபடி புகைப்பான்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் சொன்னார். "மாப்ள, கடையில வாங்கறத விடு. உனக்கு நானே மாடியில வளர்த்துத் தரேன்."

"நீங்கதான் விட்டுட்டீங்களே அத்தான். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"முப்பது வருஷம் என் சட்டையப் பிடிச்சு ஆட்டுன சனியன்டா அது. முளைச்சு வரும்போது மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"ஒரு இலை உங்க வாய்க்குப் போச்சு, அப்பறம் இருக்கு" என்றாள் மனைவி.

"உனக்கு எப்பவும் என்மேல சந்தேகம்தான்" என்று சிரித்தார் அவர். அன்றைக்கு அவர் சிரித்தது சுத்தமான சிரிப்பு. அதை நான் சந்தேகப்படவில்லை.

4

புகையிலை விதையை மண் போட்டு மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கண்ணாடிக்காரர் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஈரமண்ணின்மேல் விதையைத் தூவினார். முதல் தடவை தூவியது வெயிலில் கருகிவிட்டது. இரண்டாம் தடவை பச்சைப்பசேல் என்று வந்தது. வந்த வேகத்தில் ஆறு நாள் விடாத மழை. நாற்றுகள் அடித்தண்டு கருத்து, நின்ற இடத்திலேயே படுத்துவிட்டன. மூன்றாம் தடவை கிரேன் ஒரு பழைய கதவுச் சட்டத்தில் பிளாஸ்டிக் தாளை அடித்து மூடி செய்துகொடுத்தான். அதில்தான் பிழைத்தன.

மண்மூட்டைகளை மாடிக்கு ஏற்றியதும் அவன்தான். தோளில் தூக்க மாட்டானாம், தொழிலுக்கு அவமானமாம். கயிறும் கப்பியும் கட்டி வெளிச்சுவர் வழியாக ஏற்றினான். கீழ்வீட்டு ஜன்னல் அன்று தப்பியது அவர்கள் செய்த நல்வினை.

செடிகள் முழங்கால் உயரம் வந்தபோது ஆலங்கட்டி மழை பெய்தது. கண்ணாடிக்காரர் கடையில் இருந்தார், மனைவி கிளினிக்கில். கிரேன் தனியாக மேலே ஓடி, தார்ப்பாயை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முக்கால் மணிநேரம் நின்றிருக்கிறான். மனைவி வீடு திரும்பியபோது சொட்டச்சொட்ட நின்று, "அக்கா, பதினெட்டு தப்பிச்சிடுச்சு" என்றான். முன்கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது.*

* இந்த இடத்தில் மனைவி மருந்து எடுத்துவந்து தடவுவதாக எழுதியிருந்தேன். உண்மையில் அவள் சொன்னது: "தரையெல்லாம் தண்ணி. மொதல்ல துடை."

அப்புறம் பூச்சிகள். இலைக்கு அடியில் பேன் மாதிரி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினி. அதற்குச் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். விரல் தடிமன் பச்சைப் புழு. அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். மாமனும் மச்சானுமாக ஆளுக்கு ஒரு டப்பாவோடு குனிந்து நின்று, யாருக்கு எத்தனை புழு என்று போட்டி போட்டார்கள். செடி நெஞ்சு உயரம் வந்ததும் மொட்டைக் கிள்ள வேண்டும். பக்கத்தில் வெடிக்கும் கொழுந்துகளைத் தினமும் கிள்ள வேண்டும். அப்போதுதான் இலை அகலும். கிள்ளக் கிள்ள விரலெல்லாம் பிசின். இருவரும் ஒட்டும் விரலோடு இறங்கி வந்து கதவுக் கைப்பிடியைப் பிடிப்பார்கள், மனைவி கத்துவாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம் போலிருக்கிறது. எழுதும்போதுதான் தெரிகிறது.

5

ஒருநாள் காலையில் மூன்றாவது செடியின் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள். நம் முகத்தில் விழுகிற தேமல் மாதிரியே. கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பூச்சி இல்லை, அழுகல் இல்லை. உள்ளே போய் அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தார்.

தேமல் நோய். மருந்து கிடையாது. கையால் பரவுவது. கடையில் விற்கிற சிகரெட்டுக்குள் இருக்கும் காய்ந்த இலையில் அந்தக் கிருமி சாகாமல் கிடக்குமாம். சிகரெட் பிடித்த கையோடு செடியைத் தொட்டால் ஏறிக்கொள்ளுமாம். செடியைத் தொடுவதற்கு முன்பு கையைப் பாலில் நனைத்தால் கிருமி அடங்கும் என்று போட்டிருந்தது.

(இப்போது அவர் மனசுக்குள் போக வேண்டும். அந்த மனசுக்குள் நான் போனதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அதன் வாசலில் நிற்கிறேன்.)

அவர் மறுபடி பிடிக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில். முதலில் ஒன்று, பிறகு மூன்று. வாயில் ஏலக்காய், சட்டையில் லென்ஸ் துடைக்கிற திரவத்தின் வாசனை. வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய்க் கொழுந்து கிள்ளுவார். படித்து முடித்தபோது தன் ஆள்காட்டி விரலைத்தான் பார்த்திருப்பார். மாடியில் இரண்டு பேர் கை பட்டிருக்கிறது, அதில் ஒரு கை ஊருக்கே தெரிந்த சிகரெட் கை. இன்னொரு கையை ஏன் நீட்ட வேண்டும்?

முன்னறைக்கு வந்தார். "மாப்ள, இது உன் கையால வந்த வினை."

கிரேன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் கையாலயா? நான் தெனமும் தொட்டேனே அத்தான்" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது.

6

மாடிக்கதவருகே ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு பேசின் பால். தினமும் காலையில் பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றுவது மனைவியின் வேலை.

கிரேன் முழங்கை வரைக்கும் நனைப்பான். ஒன்று, இரண்டு என்று சத்தமாக அறுபது வரை எண்ணுவான். "அக்கா, இன்னும் நாலு நாள் போனா என் விரல்ல தயிர் உறையும்" என்பான். பக்கத்து வீட்டுப் பூனை அவன் காலையே சுற்றிவந்தது. அவன் உட்கார்ந்த இடமெல்லாம் புளித்த வாடை. முறையாக, ஒருநாள் தவறாமல் நனைத்தான்.

கண்ணாடிக்காரர் பேசினைத் தாண்டிப் போனார்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக்கதையும் இந்த ஒரு அடியில்தான் இருக்கிறது. அவர் புகைக்காதவர். வீட்டில், கடையில், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த புகைக்காதவர். புகைக்காதவர் எதற்குக் கையைப் பாலில் நனைக்க வேண்டும்? நனைத்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "எதுக்கும் இருக்கட்டும்னு நானும் நனைக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டோம். மடியில் கனம் இருக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் மூன்று சிகரெட் பிடித்த விரல்களோடு முக்காலியைத் தாண்டிப் போய், தான் பெற்ற பிள்ளைபோல வளர்த்த செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கிள்ளினார். மறுவாரம் ஐந்து செடியில் தேமல். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு.

"மாப்ள சரியா நனைக்கறதில்ல" என்றார்.

7

மனைவி என்கிற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. இதுவரை அவள் எதுவும் அறியாதவள் மாதிரி வந்துபோகிறாள், கவனித்தீர்களா? கத்துகிறாள், பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான். நல்ல ஏற்பாடு.

அவளுக்குத் தெரியும்.

பேசின் வைத்த முதல் வாரத்திலேயே தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்து பெரிதாகக் கொட்டாவி விட்டார். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் ஒரு பழுப்புக் கோடு. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் டாக்டர் சுரண்டிச் சுத்தம் செய்த அதே இடம், குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். டீக்கறை வேறு, அந்தக் கறை வேறு. எட்டு வருடமாக அதைத்தானே பார்க்கிறேன்.

மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள்? பேசினில் புதுப்பால் ஊற்றினாள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். கணவருக்கு நெஞ்சுவலி வந்துவிடுமோ என்ற பயம் (இருந்தது, ஆனால் அதுவல்ல). கணவரின் மானம் (அவள் பீற்றிக்கொண்டதால் அவளுடைய மானமும்தான், அதுவும் முழுக்க அல்ல). நிச்சயமாகத் தெரிந்தபிறகு கேட்கலாம் என்று (சும்மா). ஒரு பக்கம் முழுக்க எழுதி எல்லாவற்றையும் அடித்தபிறகு மிஞ்சியது இதுதான்: முன்னறை.

பதினாலு மாதமாக முன்னறையில் மடக்குக் கட்டில். நாற்காலி முதுகில் ஈரத்துண்டு. காலையில் ரேடியோ. எங்கே திரும்பினாலும் ஒரு ஆள். எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை. "போடா" என்று கூடப்பிறந்தவனிடம் எப்படிச் சொல்வது? செடிகளுக்குத் தேமல் வந்தது. நான் சொல்ல வேண்டியதைச் செடிகள் சொல்லிவிடும் போல இருந்தது.

அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுதக் கூசுகிறது. எழுந்துபோய்ச் சமையலறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், அங்கே வெளிச்சம் போதவில்லை, திரும்பி வந்துவிட்டேன். பாருங்கள் என் லட்சணத்தை.

8

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி. கடைசியாகச் சுத்தமாக இருந்த ஆறு செடியிலும் தேமல் விழுந்துவிட்டது.

[மனைவி எழுந்து நின்றாள். "போதும் நிறுத்துங்க. மொதல்ல நீங்க வாயத் திறங்க" என்றாள். கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.]

இது நான் எழுதிய முதல் வடிவம். படிக்க ஜோராக இருக்கிறது. நடக்கவில்லை. நடந்தது கீழே.

கண்ணாடிக்காரர் பதினெட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கி, சாக்கில் திணித்து, இழுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. "மாப்ள, ஒழுங்கா நனைச்சியா இல்லியா?"

"நனைச்சேன் அத்தான். அக்காவக் கேளுங்க."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தார். "அப்ப இது வானத்துல இருந்தா வந்துச்சு?"

"அக்கா, நீயே சொல்லு. நீதானே பால் வச்ச?"

மனைவி அவனுடைய போர்வையைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். நான்காக மடித்து, எட்டாக மடித்தாள். பிறகு சொன்னாள்: "பால் வச்சேன். நீ எவ்ளோ நேரம் நனைச்சேன்னு கூடவே நின்னு பாத்துட்டா இருந்தேன்?"

அறுபது வரை அவன் எண்ணுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். தினமும் கேட்டிருக்கிறேன்.

அவன் அவள் கையிலிருந்து போர்வையை வாங்கிக்கொண்டான். அவள்தான் மேலும் பேசினாள். "அவருக்கு உடம்பு சரியில்ல, டென்ஷன் ஆகக்கூடாது. கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது இடம் பாரேன்டா."

"சரிக்கா" என்றான். பிறகு கண்ணாடிக்காரரிடம் போய், "மன்னிச்சுக்கோங்க அத்தான். எவ்ளோ பாடுபட்டீங்க, எல்லாம் என்னால போச்சு" என்றான்.

கண்ணாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னிப்பதாக.

செவ்வாய்க்கிழமை கிரேன் போய்விட்டான். மடக்குக் கட்டிலை அவனே துடைத்து மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்திருந்தான். மேசை அடுத்த சனிக்கிழமை வந்தது.

9

அவன் போனபிறகு கண்ணாடிக்காரர் புது மண், புதுப் பை, புது விதை என்று பன்னிரண்டு செடி வைத்தார். மாடிக்கு அவரைத் தவிர வேறு யாரும் போகவில்லை. பன்னிரண்டிலும் தேமல் வந்தது. அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் பிடுங்கிப் போட்டார், நான் மாடியைக் கழுவிவிட்டேன்.

நாலு மாதம் கழித்துத் தம்பி போன் செய்தான். ஒரு கிடங்கில், சரக்கைத் தூக்கி அடுக்குகிற பளுவண்டி ஓட்டுகிறானாம். "அக்கா, நான் விட்டுட்டேன்" என்றான்.

"எதை?"

"சிகரெட்டத்தான். நூறு நாள் ஆச்சு. கையில எடுத்தாலே அந்தச் செடிங்க ஞாபகம் வருது. தொட்ட எடத்துலயே இப்படின்னா உள்ள என்ன ஆகும்னு நெனச்சேன். அத்தான்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எவ்வளவு நல்ல சாக்கு தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது பாருங்கள். உண்மையைச் சொன்னால் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிடுவானே, சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று ஆறுமாதம் நிம்மதியாக இருந்தேன். இரண்டு கதைகூட எழுதினேன்.

போன ஞாயிறு அவன் மறுபடி கூப்பிட்டான். கிடங்குக்குப் பக்கத்தில் பெரிய நர்சரி. அங்கே நாற்று பராமரிக்க ஆள் கேட்கிறார்கள். இவன் ஒரு காற்றில் சாய்ந்த பந்தலை நிமிர்த்திக் கட்டிக்கொடுத்ததைப் பார்த்து முதலாளியே கூப்பிட்டிருக்கிறார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்க்கா. வரலைன்னு சொல்லிடப்போறேன்."

"ஏன்டா? உனக்குப் பிடிச்ச வேலையாச்சே."

"பிடிச்சா? என் கை ஆகாதுக்கா. ஆயிரக்கணக்குல நாத்து இருக்கு. ஒரு வீட்டுச் செடிய அழிச்சது போதாதா?" என்று சிரித்தான்.

10

முடிவுகள்.

(அ) கண்ணாடிக்காரரே போன் செய்து அழுகிறார். (அவர் அழுவார். போன் செய்யமாட்டார்.)

(ஆ) தம்பிக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். எங்களுக்காகத்தான் பேசாமல் போனான். (இப்படி எழுதினால் எங்கள் பாரம் பாதி குறையும். அதனால்தான் இது பொய்.)

(இ) அக்கா ஒரு கதை எழுதுகிறாள். அது பத்திரிகையில் வருகிறது. தம்பி தற்செயலாகப் படிக்கிறான். (தம்பி பத்திரிகையில் படிக்கிறது விளையாட்டுச் செய்தி மட்டும்தான். அதோடு, வெள்ளிக்கிழமைக்குள் எந்தப் பத்திரிகை அச்சாகும்?)

இவ்வளவையும் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கத் தோன்றவில்லை. கடைசித் தாள்வரை படித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொட்டாவி விட்டப்பவா பாத்த?"

"ஆமா."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்."

ரொம்ப நேரம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு விஷயம் தப்பா எழுதியிருக்க. நான் ஒரு நாள் நனைச்சேன். வீட்ல யாரும் இல்ல. முழங்கை வரைக்கும் வச்சு அவன மாதிரியே எண்ணினேன். அப்பறம் பால் கலங்கியிருந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு பயந்து, கொட்டிட்டு வேற ஊத்தி வச்சேன்."

"எனக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் குரலக் கேட்டா எனக்கு வாய் வராது. நீயே சொல்லிடு. என்னைப் பத்தி எழுதினது பூரா அப்படியே சொல்லு, ஒண்ணும் குறைக்காத. உன்னப் பத்தினத விட்டுடு."

"ஏன்?"

"அவனுக்கு இருக்கறது ஒரு அக்கா. ஒரு ஆள் தலையோட போகட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக அவர் செய்ய முன்வந்த பெரிய காரியம் இதுதான் என்றுகூடச் சொல்வேன். கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாவது ஆரம்பத்தை எழுதியபோது இருந்த அதே இதம். என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லவில்லை.

11

வியாழன் மத்தியானம். கிளினிக்கின் பின்னறையில், கருவிகளைக் கொதிக்கவைக்கிற மெஷின் பக்கத்தில் நின்று போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுக்கா."

சொன்னேன். "அந்தச் செடிங்க உன் கையால கெடலடா. உங்க அத்தான் கையால கெட்டுது. அவரு ஒளிச்சு ஒளிச்சுப் பிடிச்சிட்டு இருந்தாரு. பால்லயும் ஒரு நாள் தவிர கை வைக்கல. நீ போனப்பறம் வச்ச செடியிலயும் வந்துச்சு. உன் கைக்கு ஒண்ணும் இல்ல. நீ அந்த வேலைக்குப் போ." மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன், நடுவில் நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று தெரியும்.

அந்தப் பக்கம் பளுவண்டி பின்னால் போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அத்தான் இன்னும் பிடிக்கறாரா?"

"ஆமா."

"நெஞ்சுல வலிகிலி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நீ திட்டாதக்கா. திட்டினா இன்னும் ஒளிஞ்சுதான் பிடிப்பாரு. நான் விட்டவன், எனக்குத் தெரியும். ஒரு நாள் வந்து நான் பேசறேன்." உடனே வேலைப் பேச்சுக்கு வந்தான். "அப்ப நர்சரிக்குப் போலாங்கற?"

"போடா. நாளைக்கே போய்ச் சொல்லு."

"சரி" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டான். குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஆமா, நீ எப்பக்கா கண்டுபிடிச்ச?"

இதற்குப் பதில் இரண்டுதான். "இப்பத்தான்." அல்லது, "அப்பவே." இரண்டுமே ஒற்றைச் சொல். இவ்வளவு தூரம் படித்தவர்கள், இவள்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டாளே, உண்மையைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கலாம். தாளில் உண்மை எழுதுவது சுலபம். தாள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை.

எதைச் சொன்னேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் ஒன்று என்னை மன்னிப்பீர்கள், அல்லது திட்டுவீர்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு இன்னொரு ஆறுதல் கிடைத்துவிடும். உங்கள் தம்பியாக இருந்தால் நீங்கள் எதைச் சொல்வீர்கள் என்று வேண்டுமானால் வாயைத் திறந்து ஒருதடவை சொல்லிப் பாருங்கள். உள்ளே டாக்டர் மணியடித்துக் கூப்பிட்டார். சற்றுக் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார். தம்பி போனை வைக்காமல் காத்திருந்தான்.